ஓரெழுத்துக் கட்டளைகள்: ஜாவாஸ்கிரிப்ட் ரெஜெக்ஸ் ஃபிளாக்குகள் பற்றிய வாசகர் கேள்விகள்

உரையில் தேட வேண்டியதை ஒரு பேட்டர்னாக எழுத உதவும் ரெகுலர் எக்ஸ்பிரஷன்கள் (சுருக்கமாக ரெஜெக்ஸ்) குறித்து வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை, பேட்டர்னை முடிக்கும் சாய்கோட்டுக்குப் பின்னால் எழுதப்படும் ஃபிளாக் எழுத்துகளையே சுற்றி வருவதால், இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஜாவாஸ்கிரிப்டில் இன்று எட்டு ஃபிளாக்குகள் உள்ளன. ஜி (g), ஐ (i), எம் (m) ஆகிய மூன்றும், ஜாவாஸ்கிரிப்டின் தரநிலையான எக்மாஸ்கிரிப்டின் 1999-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பிலிருந்தே இருப்பவை. யு (u), ஒய் (y) ஆகியவை 2015-இலும், எஸ் (s) 2018-இலும், டி (d) 2022-இலும், வி (v) 2024-இலும் தரநிலையில் சேர்ந்தன. இவற்றுள் சில பேட்டர்னின் பொருளை மாற்றுகின்றன; சில தேடல் நடக்கும் விதத்தை மட்டும் மாற்றுகின்றன. கீழே வரும் குழப்பங்களில் பல, இந்த இரண்டு வகைகளும் ஒரே இடத்தில் ஒரே தோற்றத்தில் எழுதப்படுவதால் விளைந்தவை என்பது என் கருத்து.

கேள்வி: ஐயா, ஒரு பட்டியலில் 'மரம்' என்ற சொல் இடம்பெறும் வரிகளை மட்டும் வடிகட்டுவதற்காக, /மரம்/ என்ற பேட்டர்னை ஜி ஃபிளாக்குடன் நிரலின் மேற்பகுதியில் ஒரு மாறிலியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் டெஸ்ட் மெத்தடை அழைக்கிறேன். அந்தச் சொல் கண்ணெதிரே இருக்கும் சில வரிகள் விடுபட்டுப் போகின்றன; விடுபட்ட வரியை மறுபடி சோதித்தால் சரியான விடை வருகிறது. இது பிரவுசரின் பிழையா?

பதில்: பிரவுசர் தரநிலையில் சொல்லியிருப்பதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு ரெஜெக்ஸ் ஆப்ஜெக்டுக்கும் லாஸ்ட்இண்டெக்ஸ் என்றொரு பண்பு உண்டு. ஜி அல்லது ஒய் ஃபிளாக் இல்லாதபோது அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. தேடல் எப்போதும் சரத்தின், அதாவது தேடப்படும் உரையின், தொடக்கத்திலிருந்தே நடக்கும். அவற்றில் ஒன்று இருந்துவிட்டால், டெஸ்ட், பொருத்தத்தின் விவரத்தைத் தரும் எக்செக் ஆகிய இரண்டு மெத்தடுகளும் லாஸ்ட்இண்டெக்ஸ் காட்டும் இடத்திலிருந்து தேடத் தொடங்கி, பொருத்தம் கிடைத்தால் அது முடிந்த இடத்தை அதே பண்பில் எழுதி வைக்கும். கிடைக்காவிட்டால் அதைச் சுழியாக்கிவிட்டுத் தோல்வியைத் தெரிவிக்கும்.

உங்கள் பட்டியலில் 'மரம்', 'பெரிய மரம்', 'மரம் நடுவோம்' என்று மூன்று வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வரியில் பொருத்தம் நான்காம் இடத்தில் முடிகிறது. இடங்கள் சுழியிலிருந்து எண்ணப்படும்; புள்ளியும் உயிர்க்குறிகளும் தனியாக எண்ணப்படும் என்பதால் 'மரம்' என்ற சொல்லின் நீளம் நான்கு. இரண்டாம் வரியைத் தேடும்போது நான்காம் இடத்திலிருந்து தொடங்கினாலும், சொல் ஆறாம் இடத்தில் இருப்பதால் அகப்பட்டுவிடுகிறது. லாஸ்ட்இண்டெக்ஸ் இப்போது பத்து. மூன்றாம் வரியில் சொல் முதலிலேயே நிற்கிறது, ஆனால் தேடல் பத்தாம் இடத்திலிருந்து தொடங்குவதால் எதுவும் கிடைக்கவில்லை. ஒரு புத்தகத்தில் நாற்பதாம் பக்கம்வரை படித்தவர், வேறொரு புத்தகத்தைக் கையிலெடுத்து அதையும் நாற்பதாம் பக்கத்திலிருந்தே படிக்கத் தொடங்குவதைப் போன்றது இது. விட்ட இடத்தின் நினைவு பேட்டர்னோடு ஒட்டியிருக்கிறதே தவிர, சரத்தோடு ஒட்டியிருக்கவில்லை. தோல்விக்குப் பின் லாஸ்ட்இண்டெக்ஸ் சுழியாகிவிடுவதால்தான் மறுமுறை சோதிக்கும்போது சரியான விடை வருகிறது. ஒன்றுவிட்டு ஒன்றாக ஆம், இல்லை என்று மாறிமாறி விடை வருவதாகப் பலர் எழுதும் புகாருக்கும் இதுவே காரணம்.

தீர்வு எளிது: ஜி ஃபிளாக்கை நீக்கிவிடுங்கள். இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்கும் டெஸ்டுக்கு 'எல்லாவற்றையும் தேடு' என்ற கட்டளையால் எந்தப் பயனும் இல்லை. ஒவ்வொரு முறையும் லாஸ்ட்இண்டெக்ஸைச் சுழியாக்கிக்கொண்டும் சமாளிக்கலாம் என்றாலும், தேவையற்ற ஒன்றை வைத்துக்கொண்டு அதற்குப் பணிவிடை செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பேட்டர்னைச் செயற்கூற்றின் உள்ளேயே எழுதினால் சிக்கல் மறைந்துவிடுவதையும் சிலர் கவனித்திருக்கலாம். 2009-இல் வந்த ஐந்தாம் பதிப்பு முதல், ரெஜெக்ஸ் எழுதப்பட்டிருக்கும் வரி ஒவ்வொரு முறை இயங்கும்போதும் புதிய ஆப்ஜெக்ட் ஒன்று உருவாகிறது. மூன்றாம் பதிப்பின்படி ஒரே ஆப்ஜெக்ட்தான் திரும்பத் திரும்பப் பயன்பட்டது, ஆகவே அக்காலத்தில் இந்தப் பாதுகாப்பும் கிடையாது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எக்செக் மெத்தடை வைல் (while) மடக்கில் வைத்து எல்லாப் பொருத்தங்களையும் எடுப்பவர்கள் ஜி ஃபிளாக்கை மறந்தால், முதல் பொருத்தமே முடிவின்றித் திரும்பி வந்து நிரல் உறைந்துவிடும். மடக்கின் நிபந்தனைக்குள்ளேயே பேட்டர்னை எழுதினாலும் ஒவ்வொரு சுற்றிலும் புதிய ஆப்ஜெக்ட் பிறப்பதால் அதே கதிதான். ஜி இருந்தும் உறைவதற்கு இன்னொரு வழி உண்டு: /க*/ போன்ற பேட்டர்ன் வெற்றுச் சரத்தோடும் பொருந்தும் என்பதால், அவ்விடத்தில் லாஸ்ட்இண்டெக்ஸ் ஓரடிகூட நகராது. மேட்ச், ரிப்ளேஸ் போன்றவை இத்தகைய வெற்றுப் பொருத்தத்தைக் கண்டால் தாமாகவே ஓரிடம் தள்ளிக்கொள்கின்றன; கையால் எழுதும் மடக்கில் அதை நாம்தான் செய்தாக வேண்டும்.

கேள்வி: மேட்ச் மெத்தடில் ஜி ஃபிளாக்கைச் சேர்த்தவுடன், அடைப்புக்குறிக் குழுக்களில் பிடிபட்டவை மறைந்துபோகின்றன. எல்லாப் பொருத்தங்களும் வேண்டும், ஒவ்வொன்றின் குழுக்களும் வேண்டும் என்றால் என்ன செய்வது?

பதில்: மேட்ச்ஆல் மெத்தடைப் பயன்படுத்துங்கள். மேட்ச் என்பது ஒரே பெயரில் இயங்கும் இரண்டு மெத்தடுகள் என்றே கொள்ளலாம். ஜி இல்லாவிட்டால் அது முதல் பொருத்தத்தை அதன் குழுக்களோடும் இடஎண்ணோடும் தரும். ஜி இருந்தால் பொருந்திய சரங்களை மட்டும் ஓர் அணியாக அடுக்கித் தரும். திருப்பித் தரும் மதிப்பின் வடிவத்தையே ஓர் எழுத்து மாற்றிவிடுவது நல்ல வடிவமைப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. எதுவும் பொருந்தாதபோது வெற்று அணி வராமல், மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் நல் (null) வருவதையும் நினைவில் வையுங்கள். விடையின் நீளத்தை நேரடியாகக் கேட்கும் நிரல்கள் அங்கேதான் விழுகின்றன.

2020-இல் வந்த மேட்ச்ஆல், ஒவ்வொரு பொருத்தத்தையும் அதன் குழுக்களோடு ஒவ்வொன்றாகத் தருகிறது. உள்ளுக்குள் பேட்டர்னின் நகல் ஒன்றை வைத்தே அது தேடுவதால், உங்கள் ஆப்ஜெக்டின் லாஸ்ட்இண்டெக்ஸ் கலைவதில்லை. ஆனால் அந்த நகல் உங்கள் ஆப்ஜெக்டில் அப்போது இருக்கும் லாஸ்ட்இண்டெக்ஸ் மதிப்போடுதான் புறப்படும் என்பதால், அதே ஆப்ஜெக்டை முன்னதாக எக்செக்குக்குக் கொடுத்திருந்தால் கவனம் தேவை. ஜி ஃபிளாக் இல்லாத ரெஜெக்ஸை மேட்ச்ஆலுக்குக் கொடுத்தால் டைப் எரர் எழும். 2021-இல் வந்த ரிப்ளேஸ்ஆலும் அவ்வாறே. பெயரிலேயே 'ஆல்' இருக்கும்போது ஃபிளாக்கையும் ஏன் கேட்க வேண்டும் என்று எரிச்சல்படுவோர் உண்டு. பெயர் ஒன்றையும் ஃபிளாக் வேறொன்றையும் சொல்லும்போது இரண்டில் ஒன்றை மௌனமாகப் புறக்கணிப்பதைவிட, உரக்கப் பிழை சொல்வதே மேல் என்பேன். பழைய ரிப்ளேஸ் அப்படிச் சொல்வதில்லை. ஜி இல்லாவிட்டால் முதல் இடத்தை மட்டும் மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். ஸ்பிளிட், சர்ச் ஆகியவற்றுக்கு ஜி இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

பொருந்தியது எது என்பதோடு, ஒவ்வொரு குழுவும் எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிந்தது என்பதும் தேவைப்பட்டால், டி ஃபிளாக்கைச் சேர்த்து, விடையில் வரும் இண்டிசஸ் பண்பைப் பாருங்கள். திரையில் சொற்களுக்கு வண்ணம் தீட்டும் எடிட்டர் போன்ற நிரல்களுக்கு அது உதவும். எல்லாத் தேடலிலும் இந்தக் கணக்கைப் போட்டால் வேகம் குறையும் என்பதற்காகவே அதை ஒரு ஃபிளாக்கின் பின்னால் வைத்தார்கள்.

கேள்வி: தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் இடையிலுள்ள, பல வரிகளில் பரவிய உரையைப் பிடிக்க எம் ஃபிளாக்கைச் சேர்த்தேன். பலன் இல்லை. எம் என்பது பலவரி ஃபிளாக் அல்லவா?

பதில்: அதன் முழுப்பெயர் மல்டிலைன் என்பதால் விளையும் மயக்கம் இது. எம் ஃபிளாக் ^, $ ஆகிய இரண்டு குறிகளை மட்டுமே தொடுகிறது: அவை சரத்தின் முதலிலும் முடிவிலும் மட்டுமன்றி ஒவ்வொரு வரியின் முதலிலும் முடிவிலும் பொருந்தத் தொடங்கும். ஏதேனும் ஓர் எழுத்தோடு பொருந்தும் புள்ளிக்குறி (.) வரிமுறிவைத் தாண்டுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அது எஸ் ஃபிளாக்கின் வேலை. ரூபி மொழியில் எம் என்ற எழுத்தே புள்ளியை வரி தாண்ட வைக்கும் என்பதால், அங்கிருந்து வருபவர்கள் இரட்டிப்பாகக் குழம்புவார்கள். எஸ் ஃபிளாக் 2018-இல்தான் வந்தது என்பதால், பழைய நிரல்களில் அதே வேலைக்கு [^] என்ற, ஜாவாஸ்கிரிப்டுக்கே உரிய எழுத்துத்தொகுதியைக் காண்பீர்கள். எதையும் விலக்காத தொகுதி என்பதால் அது எல்லாவற்றோடும் பொருந்தும். எஸ் சேர்த்தபின் .* என்று எழுதினால் அது கடைசி முடிவுக் குறிவரை விழுங்கிவிடும்; .*? என்று எழுதினால்தான் முதல் முடிவுக் குறியில் நிற்கும்.

எம் ஃபிளாக்கில் இன்னொரு பொறி உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் நான்கு எழுத்துகளை வரிமுறிவாகக் கருதுகிறது: லைன் ஃபீட், கேரேஜ் ரிட்டர்ன், யூனிகோடின் வரிப்பிரிப்பான், பத்திப்பிரிப்பான். விண்டோஸ் பாணிக் கோப்புகளில் ஒவ்வொரு வரியும் கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீட் என்ற இரட்டையோடு முடிவதால், அவ்விரண்டுக்கும் நடுவே ^, $ இரண்டும் பொருந்திவிடும். வெற்று வரிகளை எண்ணுவதற்காக /^$/ என்பதை ஜி, எம் ஃபிளாக்குகளுடன் ஓட்டுபவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத வெற்று வரிகள் வரிக்கொன்றாகக் கிடைப்பது இதனால்தான். முதலில் வரிமுறிவுகளை ஒரே வகையாக்கிவிட்டு, பிறகு தேடுவதே தொல்லையற்ற வழி.

கேள்வி: தமிழ் உரையில் தேடும்போது எந்த ஃபிளாக்குகளைச் சேர்க்க வேண்டும்? 'கி' என்ற எழுத்தை ஒரு புள்ளிக்குறியால் பிடிக்க முடியவில்லை. யு சேர்த்தும் மாற்றமில்லை.

பதில்: மாற்றம் இருக்காது. யு ஃபிளாக் இல்லாதபோது ரெஜெக்ஸ் சரத்தை 16 பிட் அலகுகளாகப் பார்க்கிறது. யு இருந்தால் யூனிகோட் குறியெண்களாகப் பார்க்கிறது. 'கி' என்பது ககரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியெண்கள். இரண்டுமே 65535-க்கு உட்பட்டவை என்பதால் ஒவ்வொன்றும் ஒரே அலகு. ஆகவே எந்தப் பார்வையிலும் அது இரண்டுதான். நாம் ஓரெழுத்து என்று கருதுவதை ஒன்றாக எண்ணும் ஃபிளாக் எதுவும் இல்லை. அதற்கு இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற தனி வசதியை நாட வேண்டும்.

யு ஃபிளாக் கைகொடுப்பது 65535-ஐத் தாண்டிய குறியெண்களில்தான். எமோஜிகள் பலவும் அங்கே இருக்கின்றன. தமிழுக்கும் அங்கே ஓரிடம் உண்டு: 2019-இல் வெளியான யூனிகோட் 12-ஆம் பதிப்பு, பழைய பின்னக் குறிகள் முதலானவற்றை 73664 முதல் 73727 வரையிலான இடங்களைக் கொண்ட துணைத் தொகுதியில் சேர்த்தது. அவற்றுள் ஒன்றை யு இல்லாத எழுத்துத்தொகுதிக்குள் எழுதினால், அது இரண்டு அரைக்குறிகளாக உடைந்து, தவறான இடங்களில் பொருந்தும்.

அன்றாடத் தமிழுக்கு யு ஃபிளாக்கின் பெரிய நன்மை வேறு. எழுத்து, குறி, எண், எழுத்துமுறை என்று யூனிகோட் பண்புகளைக் கொண்டு பொருத்தும் வசதி 2018-இல் வந்தது. அது யு அல்லது வி இருந்தால் மட்டுமே இயங்கும். அதிலும் ஒரு தடுமாற்றம் காத்திருக்கிறது: 'எழுத்து' என்ற பண்பை மட்டும் கேட்டால் 'மரம்' என்ற சொல்லில் இறுதிப் புள்ளி விடுபடும், ஏனெனில் புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் யூனிகோட் 'குறி' என்ற வேறு வகையில் வைத்திருக்கிறது. இரண்டு பண்புகளையும் ஒரே எழுத்துத்தொகுதிக்குள் சேர்த்து எழுத வேண்டும். [அ-ஹ] என்று வீச்சாக எழுதுபவர்களுக்கும் இதே குறை நேரும். உயிர்க்குறிகள் ஹகரத்துக்குப் பின்னால் இருக்கின்றன, ஆய்தமோ அகரத்துக்கு முன்னால் இருக்கிறது, எனவே இரண்டும் அந்த வீச்சில் அடங்கா.

யு சேர்த்தால் சொல்லெல்லைக் குறியும் தமிழைப் புரிந்துகொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். சொல்லெழுத்து என்பதை ஜாவாஸ்கிரிப்ட் இன்றும் ஆங்கில எழுத்து, 0 முதல் 9 வரையிலான இலக்கம், அடிக்கோடு என்ற அளவிலேயே வைத்திருக்கிறது. இலக்கத்துக்கான சுருக்கக் குறியும் ௧, ௨ போன்ற தமிழ் எண்களைக் கண்டுகொள்ளாது. [௦-௯] என்று எழுதினால் கண்டுகொள்ளும். தமிழ்ச் சொல்லின் எல்லை தேவைப்பட்டால், முன்னும் பின்னும் எழுத்தோ குறியோ இல்லை என்பதை முன்னோக்கு, பின்னோக்கு நிபந்தனைகளால் சொல்ல வேண்டும்.

ஐ ஃபிளாக் தமிழுக்கு எதுவும் செய்யாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இங்கே இல்லை. ஆங்கிலம் கலந்த உரையில் வைத்துக்கொள்ளலாம், தீங்கில்லை.

வி என்பது யு ஃபிளாக்கின் விரிந்த வடிவம். இரண்டையும் சேர்த்து எழுதினால் சின்டாக்ஸ் எரர் வரும். அதன் சிறப்பு, எழுத்துத்தொகுதிகளைக் கழிக்கவும் பொதுவானவற்றை எடுக்கவும் முடிவது: [[அ-ஹ]--[அ-ஔ]] என்று எழுதினால் உயிரெழுத்துகள் நீங்கி மெய்வரிசை மட்டும் எஞ்சும். பல குறியெண்கள் சேர்ந்து உருவாகும் எமோஜியை ஒரே அலகாகப் பொருத்தும் பண்பும் வி ஃபிளாக்கில் மட்டுமே உண்டு. புதிதாக எழுதும் நிரலில் யு-வுக்குப் பதில் வி-யையே நான் தேர்ந்தெடுப்பேன். பழைய நிரலில் எழுத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போவது ஆபத்து: அடைப்புக்குறிகள், செங்குத்துக்கோடு போன்றவற்றை எழுத்துத்தொகுதிக்குள் அப்படியே எழுத வி இடம் கொடுக்காது, முன்னால் பின்சாய்கோடு இட வேண்டும்.

எந்த ஃபிளாக்காலும் தீராத ஒன்றும் இருக்கிறது. 'கொ' என்பதை ககரத்தோடு ஒகரக் குறி என்றும், ககரத்தோடு எகரக் குறியும் காலும் என்றும் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். திரையில் வேறுபாடு தெரியாது, ரெஜெக்ஸுக்கோ அவை வெவ்வேறு. தேடும் சொல்லையும் தேடப்படும் உரையையும் இத்தகைய வேறுபாடுகளை ஒரே வடிவமாக்கும் நார்மலைஸ் மெத்தடில் செலுத்திய பிறகே ஒப்பிடுங்கள்.

கேள்வி: ஒய் ஃபிளாக்குக்கும் ஜி ஃபிளாக்குக்கும் என்ன வேறுபாடு? இரண்டுமே லாஸ்ட்இண்டெக்ஸைத்தானே பயன்படுத்துகின்றன?

பதில்: ஜி அந்த இடத்திலிருந்து முன்னோக்கித் தேடிச் செல்லும், ஒய் மிகச் சரியாக அந்த இடத்திலேயே பொருத்தம் தொடங்க வேண்டும் என்று கேட்கும். '12?30' என்ற சரத்தில் /[0-9]+/ என்பதை ஜி ஃபிளாக்கோடு ஓட்டினால், நடுவிலுள்ள கேள்விக்குறியைச் சத்தமில்லாமல் தாண்டி இரண்டு எண்களையும் தரும். ஒய் என்றால் 12-ஐத் தந்துவிட்டு, அடுத்த அழைப்பில் தோல்வி சொல்லும். கணக்குக் கோவைகளையோ சிறு மொழி ஒன்றின் நிரலையோ துண்டுதுண்டாகப் பிரிப்பவருக்கு அந்தத் தோல்விதான் தேவை. பிழையான எழுத்து எந்த இடத்தில் இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடுகிறது. ஒரே இடத்தில் எண், குறி, பெயர் என்று பல பேட்டர்ன்களை மாற்றிமாற்றி முயல்வீர்கள் என்பதால், இடஎண்ணை உங்கள் சொந்த மாறியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முயற்சிக்கும் முன் லாஸ்ட்இண்டெக்ஸில் இடுங்கள். தோற்ற பேட்டர்ன் தன் லாஸ்ட்இண்டெக்ஸைச் சுழியாக்கிவிடும்.

கேள்வி: பயனர் தேர்வுப்பெட்டியில் விரும்பியபடி ஃபிளாக்குகளை இயக்கத்தின்போது மாற்ற முடியுமா? பேட்டர்னின் ஒரு பகுதிக்கு மட்டும் ஃபிளாக் தர வழி உண்டா?

பதில்: உருவான ரெஜெக்ஸின் ஃபிளாக்கை மாற்ற முடியாது, புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டும். ரெஜ்எக்ஸ்ப் கன்ஸ்ட்ரக்டரின் முதல் மதிப்பாகப் பழைய ரெஜெக்ஸையே கொடுத்து, இரண்டாம் மதிப்பாகப் புதிய ஃபிளாக் எழுத்துகளைச் சரமாகக் கொடுப்பதற்கு 2015 முதல் இடமுண்டு. எழுத்துகளின் வரிசை முக்கியமில்லை. ஒன்றையே இருமுறை எழுதினாலோ இல்லாத எழுத்தை எழுதினாலோ சின்டாக்ஸ் எரர் வரும். முதல் மதிப்பு பயனர் தட்டச்சு செய்த சொல்லாக இருந்தால், அதிலுள்ள சிறப்புக் குறிகளை 2025-இல் வந்த எஸ்கேப் மெத்தடால் செயலிழக்கச் செய்த பிறகே கொடுங்கள்.

பகுதிக்கு மட்டும் ஃபிளாக் தருவதும் 2025-இன் தரநிலையில் இடம்பெற்றுவிட்டது. திறக்கும் அடைப்புக்குறி, கேள்விக்குறி, ஃபிளாக் எழுத்து, முக்காற்புள்ளி என்று தொடங்கும் குழுவுக்குள் அந்த ஃபிளாக் செயல்படும். எழுத்துக்கு முன்னால் கழித்தல் குறி இட்டால் அங்கே மட்டும் அணையும். ஆனால் ஐ, எம், எஸ் ஆகிய மூன்றுக்கு மட்டுமே அனுமதி. ஜி, ஒய், டி ஆகியவை தேடல் முழுவதையும் பற்றியவை, பேட்டர்னின் பாதிக்கு மட்டும் அவற்றைச் சொல்வதில் பொருளில்லை. யு, வி ஆகியவையோ பேட்டர்னை எப்படி வாசிப்பது என்பதையே முடிவு செய்பவை.

புதிய ஃபிளாக்கையோ இந்தக் குழுவையோ சாய்கோடுகளுக்கிடையே நேரடியாக எழுதினால், அதை அறியாத பழைய பிரவுசர் கோப்பை வாசிக்கும்போதே பிழை கண்டு, கோப்பு முழுவதையும் இயக்க மறுத்துவிடும். கன்ஸ்ட்ரக்டர் வழியாக உருவாக்கினால் அதே பிழை இயக்கத்தின்போது எழுவதால், ட்ரை, கேட்ச் அமைப்பால் பிடித்துக்கொண்டு பழைய பேட்டர்னுக்குத் திரும்ப முடியும்.